அத்தியாயம் 7: சொன்ன நாளில் போய் நிற்பது

கமுந்திங்கில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குப் பேச்சுத்துணையாக இருக்க விரும்புகிறீர்கள். மனசும் இருக்கிறது, வாரத்தில் ஒரு மணி நேரமும் இருக்கிறது. எங்கே தொடங்குவது, எதைச் செய்யக்கூடாது என்பதுதான் தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்கு எழுதியது இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று ஒரு பாட்டியிடம் சொன்னால், புதன்கிழமை இரவே அவர் மறுநாளுக்கான சேலையை எடுத்து நாற்காலியில் போட்டு வைப்பார். ஒன்பதரைக்கு வாசலுக்கு வந்து பார்ப்பார். நீங்கள் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்தைவிட இந்தக் காத்திருப்புதான் அவருடைய வாரத்தை நகர்த்துகிறது. சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது அதனால்தான் பெரிய குற்றம். போகவே தொடங்காதவர்கூட அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. இனி வரும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்து எழுதியது.

நம் ஊரில் யார் தனியாக இருக்கிறார்கள்?

வெளியூரில் கமுந்திங் என்று சொன்னால் தடுப்பு முகாமைத்தான் கேட்பார்கள். ஆட்களை அங்கே அடைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012இல் நீக்கிய பிறகும் அந்தப் பெயர் ஊரை விடவில்லை. நமக்கோ இது தைப்பிங்குக்கு வடக்கே உள்ள தொழிற்பேட்டை ஊர். எக்ஸ்பிரஸ் பஸ் நிலையமும் வரிசை வரிசையாகத் தாமான்களும் உள்ள ஊர்.

அந்தத் தாமான்களில் வாழும் வயதான தமிழர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீட்டுமனை வந்தது, அவர்கள் லயத்தைக் காலி செய்தார்கள். லயத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும், “என்னக்கா ராத்திரி பூரா இருமல்?” என்று காலையில் ஒருத்தி கேட்பாள். தாமானில் இரும்புக் கிராதியும் பூட்டும்தான். பிள்ளைகள் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்.

தனியாக வசிப்பவரை மட்டும் தேடாதீர்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நான்கு பேர் காலை ஆறரைக்குப் பள்ளிக்கும் ஃபேக்டரிக்கும் கிளம்பிவிட்டால், மாலை வரை ஒரு தாத்தா தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாகத்தான் இருக்கிறார். இவரைப் பற்றி யாருக்கும் கவலை வராது, ஏனென்றால் “வீட்ல ஆள் இருக்காங்கல்ல.”

2030இல் மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது அரசின் கணிப்பு. முதியோர் அதிகமுள்ள மாநிலங்களில் பேராக்கும் ஒன்று. இங்கே ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

படி 1: ஆளைக் கண்டுபிடிப்பது

சுவரொட்டி ஒட்டாதீர்கள். “தனிமையில் வாடும் முதியோருக்கு உதவி” என்று எழுதி ஒட்டினால், உண்மையில் தனியாக இருப்பவர் ஒருவர்கூட வரமாட்டார். தன்மானம் விடாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்:

1. மளிகைக் கடைக்காரர். யார் முன்பு மூன்று பேருக்கு வாங்கியவர், இப்போது கால் கிலோ பருப்பு மட்டும் வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும்.
2. கோவில் குருக்கள், அன்னதானம் பரிமாறுபவர்கள். பூசை முடிந்தபின்பும் வீட்டுக்குப் போக அவசரப்படாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரை அவர்கள் காட்டுவார்கள்.
3. அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், இனிப்புநீர் சோதனைக்கு வரும் நாள். அங்குள்ளவர்கள் நோயாளிகளின் பெயரைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் காத்திருக்கும் நாற்காலியில் நீங்களே பேச்சுக்கொடுக்கலாம்.
4. வெல்ஃபேர் என்று நாம் சொல்லும் சமூக நலத்துறை, அதாவது ஜேகேஎம், அதன் மாவட்ட அலுவலகம். பாவே எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களையும் இவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்கள் முதியவரின் வீட்டுக்கே போய்த் துணைசெய்யும் ஒரு திட்டமும் இவர்களிடம் உண்டு. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் அங்கே போய் விசாரியுங்கள். அந்தத் திட்டத்திலேயே உங்களுக்கு இடம் கிடைக்கலாம்.

ஆளைப் பார்த்துவிட்டீர்கள். அவருக்குத் துணை தேவையா என்று எப்படி அறிவது? ஆய்வாளர்களிடம் மூன்றே கேள்வியுள்ள ஓர் அளவுகோல் இருக்கிறது: துணையில்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை முறை, தனித்து விடப்பட்டதாக எத்தனை முறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். நம் பாட்டியிடம் இதை அப்படியே கேட்டால் “எனக்கென்ன கொறச்சல்?” என்று எழுந்து போய்விடுவார். நான் கேட்பவை வேறு:

– நேத்து யார்கூடப் பேசினீங்க?
– கடைசியா வீட்டுக்கு வந்து பசியாறிட்டுப் போனவங்க யாரு?
– ராத்திரி ஒடம்புக்கு முடியலன்னா யாருக்குப் போன் போடுவீங்க?

மூன்றாவது கேள்விக்கு நீண்ட மௌனம் வந்தால் அதுவே பதில்.

படி 2: உங்கள் பக்கத்தைக் கட்டுவது

நான்கு முதியவர், எட்டுத் தன்னார்வலர். தொடக்கத்துக்கு இது போதும், இதற்கு மேல் வேண்டாம். ஒரு முதியவருக்கு இரண்டு பேர் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவருக்கு எஸ்பிஎம் தேர்வு, ஷிஃப்ட் மாற்றம், காய்ச்சல் என்று எது வந்தாலும் இன்னொருவர் சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும். இருவரையும் முதல் நாளே அறிமுகப்படுத்திவிடுங்கள். பழக்கமான முகம் வராத நாளில் கிராதிக்கு வெளியே புது முகம் நின்றால் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

சிங்கப்பூரில் லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1995 முதல் தன்னார்வலர்களை முதியோர் வீடுகளுக்கு அனுப்பி வருகிறது. அத்தனை பெரிதாக நாம் யோசிக்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப்புத்தகம் போதும். அதில்:

1. முதியவரின் பெயர், வீட்டு எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது.
2. என்ன நோய், எந்தக் கிளினிக், எந்த மருந்துக்கு ஒவ்வாமை.
3. ஒவ்வொரு முறையும் போன தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், ஒரு வரிக் குறிப்பு.

இந்த நோட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அடுத்தவர் வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லுங்கள். முதியவரின் சம்மதம்தான் முதலில். அதன்பின், அவர் சரியென்றால், மகனுக்கோ மகளுக்கோ ஒரு போன். “உங்கம்மாவைப் பாத்துக்க ஆளில்ல” என்று ஆரம்பித்தால் மறுமுனையில் இருப்பவர் கொதித்துவிடுவார். “அம்மாகிட்ட தோட்டத்துக் கதை கேக்க ரெண்டு பிள்ளைங்க வாராவாரம் வரட்டுமா?” என்று கேளுங்கள். அது உண்மையும்கூட.

தன்னார்வலர் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோரின் கடிதம் வேண்டும், கூட ஒரு பெரியவரும் வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

படி 3: ஜோடி சேர்ப்பது

ஒரே சாதி, ஒரே கோவில், ஒரே கட்சி என்றெல்லாம் பொருத்தம் பார்க்காதீர்கள். நான் பார்த்த நல்ல ஜோடிகளில் ஒன்று, பாசார் மலாயில் பேசிக்கொள்ளும் ஒரு சீன ஆமாவும் ஒரு தமிழ்ப் பையனும். இருவருக்கும் பூனை பிடிக்கும். பார்க்க வேண்டியவை சிலதான்: பேச இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி, கையால் செய்யும் ஏதாவது ஒரு வேலையில் ஆர்வம், நடந்தோ மோட்டாரிலோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரம். ஈப்போவிலிருந்து வருகிறேன் என்பவரின் ஆர்வம் மூன்றாவது மாதம் நெடுஞ்சாலையிலேயே தீர்ந்துவிடும்.

தனியாக இருக்கும் பாட்டிக்குப் பெண் தன்னார்வலராக இருப்பது நல்லது. அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அவர் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது.

படி 4: முதல் சந்திப்பு

1. காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள். தீபகற்பத்தில் மழை அதிகம் பெய்யும் ஊர் தைப்பிங். மத்தியானம் எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் இது. மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் பாதி நாள் நனைந்துதான் போவீர்கள், மீதி நாள் போகவே மாட்டீர்கள்.
2. கிராதிக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லுங்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “கோவில்ல பரிமாறுற அக்கா சொன்னாங்க பாட்டி.” அவர் திறக்கும்வரை காத்திருங்கள்.
3. செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கவனித்து அந்தப் பக்கம் உட்காருங்கள். கத்திப் பேச வேண்டாம். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் போதும்.
4. என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவரிடமே கேளுங்கள். பாட்டி, அம்மா, ஆயா, பெரியம்மா, ஆண்ட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று பிடிக்கும். ஐம்பத்தெட்டு வயது அண்ணனைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு, அவர் முகம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.
5. “பசியாறியாச்சா?” என்று தொடங்குங்கள். இதைவிடப் பாதுகாப்பான முதல் வாக்கியம் நம் ஊரில் இல்லை.
6. தேத்தண்ணியோ மைலோவோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். வேண்டாம் என்று சொல்வது பணிவு ஆகாது. அவரால் இன்னும் ஒருவருக்குக் கொடுக்க முடிகிறது என்பதை நீங்கள் மறுத்துவிடுகிறீர்கள்.
7. நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். முதல் நாள் நீண்டால் இரண்டாம் நாள் இருவருக்கும் சுமை.
8. கிளம்பும் முன் அடுத்த நாளைக் குறியுங்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அவரே எழுதட்டும், அவர் பேனாவால்.

இந்த எட்டாவதை விட்டுவிடாதீர்கள். மற்றவற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் சமாளிக்கலாம்.

கையில் என்ன கொண்டு போவது?

முதல் நாள் வெறுங்கை. பிறகு வேண்டுமானால் வாழைப்பழம், செய்தித்தாள். ஜிலேபி, லட்டு வேண்டாம். பலருக்கு இனிப்புநீர், ஆனால் பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தது என்று சாப்பிட்டுவிடுவார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஹேம்பர் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் போய், பாட்டியை நடுவில் நிறுத்தி, பதாகை பிடித்துப் படம் எடுக்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை இந்த நூலில் நான் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. தீபாவளிக்கு மறுவாரம் போங்கள். பலகாரமும் கூட்டமும் தீர்ந்த அந்த வாரத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

என்ன பேசுவது? எதையாவது கேளுங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, போனதும் விசாரணை அதிகாரியாகிவிடுவது. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா? நான்காவது வாரம் பாட்டிக்கு அலுத்துவிடும். அவருக்குத் தேவைப்படுவது அவரிடமிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள வரும் ஆள்.

படிவம் இரண்டு படிக்கும் ஒரு மாணவி ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், கூட நானும். மூன்று வாரம் இருவருக்கும் பேச்சே ஓடவில்லை. பாட்டி மின்னல் எஃப்எம் கேட்பார், இவள் போனைப் பார்ப்பாள். நான்காவது வாரம், பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு ஏதோ எழுத வேண்டும் என்பதற்காக, “பால் மரம் எப்படிப் பாட்டி வெட்டுவாங்க?” என்று கேட்டாள். பாட்டி பதில் சொல்லவில்லை. எழுந்து போனார், அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே எண்ணெய்த்துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி. கொல்லையில் இருந்த வாழைமரத்தண்டை இழுத்துப்போடச் சொன்னார்.

“இடது கைப்பக்கம் மேல, வலது பக்கம் கீழ. பால் தானா எறங்கணும்ல.” கத்தியை இழுத்தார். நாடா மாதிரி ஒரு சுருள் வந்து விழுந்தது. பிள்ளை இழுத்தபோது கத்தி உள்ளே இறங்கிவிட்டது. “காயம் பண்ணிட்டியே! கட்டைய தொடக்கூடாது. தொட்டா அந்த எடம் முண்டு கட்டிக்கும், அடுத்த சுத்துல வெட்ட முடியாது. தண்டல் பாத்தா பேசுவான்.” ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம், விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் அந்த அவசரம். அன்று ஒன்றரை மணி நேரம் இருந்தோம். மேலே நாற்பது நிமிடம் என்று நானே எழுதியிருக்கிறேன், தெரியும்.

கேட்கத் தகுந்தவை சில:

– பெரட்டில் பெயர் கூப்பிடுவது எப்படி நடக்கும்? தாமதமாகப் போனால்?
– ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுவிட்டு எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவீர்கள்?
– தோட்டத்துத் திருவிழாவில் தீமிதி உண்டா? எந்த ஊர்க் கூத்து வரும்?
– சம்பந்தன் காலத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்தீர்களா? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்க 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பற்றிப் பேச்செடுத்தால், பங்குப் பத்திரத்தைத் தேட எழுந்துவிடுவார்கள்.
– வீட்டில் தமிழ் நேசன் வாங்கினீர்களா? 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றது. அதை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவர்கள் இருக்கிறார்கள்.

கேட்கக் கூடாதவை: “பசங்க ஏன் வர்றதில்ல?” “மருமக எப்படி?” சொத்து, உயில், நகை. ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில் பாதை பற்றி அவர்களே எடுத்தால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். அப்பாவோ தாத்தாவோ 1942, 43இல் சயாமுக்குப் போய்த் திரும்பாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரே கதையை ஐந்தாவது முறை சொன்னால்? ஐந்தாவது முறையும் கேளுங்கள். ஆனால் நோட்டில் குறித்து வையுங்கள். போன மாதம் சரியாகச் சொன்ன பெயரை இந்த மாதம் மறக்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார், தெரிந்த தெருவில் வழி தப்புகிறது என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் செய்யுங்கள். “வயசானா அப்படித்தான்” என்பதை நம்பி ஒரு வருடம் வீணாக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது

நெதர்லாந்தில் டெவென்டர் நகரில் ஹுமானிட்டாஸ் என்ற முதியோர் இல்லம் 2012 வாக்கில் கல்லூரி மாணவர்களை வாடகையில்லாமல் தங்க வைக்கத் தொடங்கியது. மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருப்பதுதான் அவர்கள் தரும் வாடகை. மருந்து கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் அவர்கள் வேலை இல்லை. நம்மிடம் தங்க வைக்க அறை கிடையாது. ஆனால் பிள்ளையைத் தாதியாக்காதே என்ற அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தைப்பிங்கிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் ஸ்ரீ கெனாங்கான் அரசாங்க முதியோர் இல்லங்கள் உண்டு. பள்ளிக் குழுவோடு அங்கே போக விரும்பினால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். நாற்பது மாணவர்கள் ஒரு நாள் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு மாணவர்கள் பத்து முறை போகட்டும்.

பிள்ளைகளும் கொடுக்க ஒன்று வேண்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்குவது, பேரனுக்கு வீடியோ கால் போடுவது, பழைய படப்பாட்டைத் தேடித் தருவது எல்லாம் அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் செய்து கொடுத்துவிட்டு வராமல் சொல்லிக் கொடுக்கட்டும். அடுத்த வாரம் மறந்திருப்பார், மறுபடியும் சொல்லிக் கொடுக்கட்டும்.

பணம், கையெழுத்து, ஏமாற்று அழைப்பு

1. ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் கையால் தொடாதீர்கள். “தம்பி, நீயே எடுத்துட்டு வாய்யா” என்பார். மகனுக்குப் போன் போடுங்கள், இல்லையென்றால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.
2. கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். ஐந்து வெள்ளி என்றாலும் இதே விதிதான்.
3. எந்தப் பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள்.
4. கடைக்குப் போய் வாங்கி வந்தால் ரசீதும் மீதிச் சில்லறையும் மேசையில், அவர் கண்ணெதிரே.
5. போலீஸ், நீதிமன்றம், வங்கி என்று சொல்லி யாராவது போனில் பணம் மாற்றச் சொன்னால் உடனே துண்டிக்கச் சொல்லிக் கொடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 997. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார்.
6. சிலரிடம் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு இருக்கும். உதவித்தொகைக்கோ நீலக் கார்டுக்கோ “நான் வாங்கித் தர்றேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பதிவிலாகாவுக்குக் கூடப் போய்க் காத்திருப்பது மட்டும்தான் உங்களால் முடியும். நிறைவேறாத வாக்கு, வராத வியாழக்கிழமையைவிட மோசம்.

உடம்புக்கு ஏதாவது ஆனால்

விழுந்துவிட்டால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். எல்லாருக்கும் முதலில் வரும் வேகம் அதுதான், அதில்தான் இடுப்பெலும்பு இன்னும் கெடும். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். காலை அசைக்க முடியவில்லை, தலையில் அடி, மயக்கம் என்றால் அப்படியே படுக்க வைத்துப் போர்த்திவிட்டு 999. ஒன்றுமில்லை என்றால் ஒருக்களித்து, முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும். நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது: உடனே 999, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒருவர் வருவார், அவரைத் தள்ளி நிறுத்துங்கள்.

இனிப்புநீர் உள்ளவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிப் பேச்சு மாறினால், விழுங்க முடிகிறவராக இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம், பூட்டி வைத்த சாப்பாட்டு அலமாரி, மகன் வந்ததும் பேச்சை நிறுத்தும் தாத்தா என்று எதையாவது கண்டால் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள். தாலியான் காசே என்ற உதவி எண் 15999 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், அங்கே சொல்லுங்கள். “இருந்து என்ன செய்யப் போறேன்” என்று ஒருமுறை சொல்வது நம் பெரியவர்களின் பேச்சுவழக்காகவும் இருக்கலாம். அதையே வாராவாரம் சொன்னாலும், பொருட்களை ஆளுக்கு ஆள் கொடுக்கத் தொடங்கினாலும் சும்மா விடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள், குடும்பத்துக்குச் சொல்லுங்கள். மனம் உடைந்தவரின் பேச்சைக் கேட்கும் நம் நாட்டுப் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

போக முடியாத நாள்

முந்தின நாளே போனில் சொல்லுங்கள், குரலில். வாட்ஸ்அப் செய்தியை அவர் மூன்று நாள் கழித்துத்தான் பார்ப்பார். இரண்டாவது ஆள் போகட்டும். அவரும் இல்லையென்றால் அதே பத்து மணிக்கு ஐந்து நிமிடம் போன் பேசுங்கள். மழைக்கு ஒரு குடையை மோட்டாரிலேயே வைத்திருங்கள்.

நிறுத்தும்போது

படிப்புக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு என்று தன்னார்வலர் ஊரைவிட்டுப் போவார். நான்கு வாரம் முன்பே சொல்லச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரம் புதியவரையும் கூட்டிப்போகட்டும். “அடிக்கடி வருவேன் பாட்டி” என்று சொல்ல வேண்டாம். பினாங்கிலிருந்து மாதம் ஒருமுறை போன் செய்ய முடியும் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள், நாள்காட்டியில் எழுதுங்கள்.

முதியவர் இறந்துபோவதும் நடக்கும். சிறு வயதுத் தன்னார்வலருக்கு அது முதல் மரணமாக இருக்கலாம். செய்தியைக் குழுவில் போடாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். கேதத்துக்குப் போக விரும்பினால் பெற்றோரோடு அழைத்துப் போங்கள், விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். கருமாதி முடியும்வரை புது வீடு ஒதுக்காதீர்கள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் அந்தப் பிள்ளையோடு எங்காவது உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள், ஏனென்றால் அந்த நேரம் வந்ததும் கால் தானாகக் கிளம்பும்.

வீட்டிலிருந்து எந்தப் பொருளையும் எடுத்து வரக்கூடாது என்பது விதி. குடும்பத்தார் கையில் கொடுத்தால் என்னிடம் கேட்டுவிட்டு வாங்கலாம். பிஸ்கட் டின் பாட்டி போன பதினாறாம் நாள் மகள் அந்த டின்னைத் திறந்து, கத்தியைத் துணியோடு எடுத்து அந்த மாணவியிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அம்மாவிடம் கேள் என்றேன். வாசலில் நின்று போன் போட்டுக் கேட்டாள். பிறகு வந்து வாங்கிக்கொண்டாள். நோட்டில் அன்றைய வரியை அவளே எழுதினாள்: வந்த நேரம் 10.00, கிளம்பிய நேரம் 11.30.